இடாப்பில் வெட்டப்பட்ட பெயர்கள்

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு இலண்டனிலும் டொரன்டோவிலும் கிளைகள் உண்டு. யார் வைத்தியரானார், யார் காலமானார் என்ற செய்திகள் ஆண்டு மலரில் வந்துவிடும். ஊவாத் தோட்டங்களிலிருந்து பதுளைக்கு வந்து படித்த எங்களுக்கு அப்படியொரு மலர் வாய்க்கவில்லை. ஒரே வாங்கில் அமர்ந்திருந்தவர்களைப் பிரித்தது பரீட்சையன்று, ஓர் உடன்படிக்கை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் அவர்களைப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக எடுத்துக்கொண்டன. பெற்றோர் எந்த மனுவில் கைநாட்டு வைத்தார்களோ, அதுவே பிள்ளையின் எதிர்காலமாயிற்று. 1973, 74இல் உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டியபோது, போய்விடுவதே மேல் என்று நினைத்தவர்கள் பலர்.

ஆசிரியர் ஒருவர் வரவு இடாப்பைத் திறந்து சிவப்பு மையால் ஒரு பெயரை வெட்டுவார். காரணம் சொல்ல மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம். சில நாட்களில் அந்தக் குடும்பம் தலைமன்னாருக்குப் புறப்படும். புகையிரத நிலையத்தில் எழும் அழுகையால் அந்த வண்டிக்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். முந்திய தலைமுறையில் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் கும்பகோணம் சென்று படித்துவிட்டு ஊவாவுக்கே திரும்பினார்கள். என் தோழர்கள் பெற்றது ஒருவழிப் பயணச்சீட்டு.

இராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களுக்கும் கேரளம், கருநாடகத்து இரப்பர்க் காடுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். கணிதத்தில் எங்களையெல்லாம் மிஞ்சிய ஒருவன் கூடலூர்ப் பக்கம் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதினான். இங்கே 'இந்தியாக்காரன்' என்று ஏசப்பட்டவன், அங்கே 'சிலோன்காரன்' ஆனான். 1984இல் போர் கப்பலை நிறுத்தியது. தங்கிவிட்டவர்களில் சிலர் தோட்டப் பாடசாலைகளுக்கே ஆசிரியராகச் சென்றார்கள். அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதால் கிடைத்த வாய்ப்பு அது. வேறு சிலர் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். நாடற்றவராக எஞ்சியோருக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. உடன்படிக்கைக்கு ஐம்பது ஆண்டு நிறைய ஒரு நாள் இருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலேயே ஆபத்தை எச்சரித்திருந்தது. மாற்று நிலமும் வீடும் கொடுக்காமல் தொழிலாளியை எழும்பிப் போகச் சொல்வதற்குப் பெயர் எச்சரிக்கையா என்று நான் கேட்பேன். காணாமற்போனோர் தொகை முதலில் இருநூறை நெருங்கி, பின்னர் நாற்பதுக்குக் கீழே இறங்கியது. ஒரு லயத்தில் யார் இருந்தார் என்பதைக்கூட எவராலும் உடனே சொல்ல முடியவில்லை.

அன்றிரவு கோத்தகிரியிலிருந்து தொலைபேசி. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கேட்ட குரல்.

"டேய், நம்ம வகுப்பு ஆளுங்க யாராச்சும் அந்தத் தோட்டத்துல இருந்தாங்களாடா?"

கையிலிருந்த பட்டியலை வாசித்தேன். ஒரு பெயரில் இருவருமே நின்றோம். எங்கள் வகுப்பில் அப்பெயருடைய பெண் ஒருத்தி இருந்தாள். ஆனால் தோட்டத்துக்குப் பத்துப் பேருக்கு வைக்கப்படும் பெயர் அது. தகப்பன் பெயர் எங்கள் இருவருக்குமே நினைவில்லை. வயது கேட்டான். பட்டியலில் வயது போட்டிருக்கவில்லை.

மண் சரிந்த வேளையில் பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டிருந்தார்கள். அதனால் தப்பினார்கள். கொஸ்லாந்தை ஸ்ரீ கணேசா தமிழ் மகா வித்தியாலயத்தின் வகுப்பறைகள் அகதி முகாமாயின; வாங்குகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள்.