வைப்பாட்டி: ஒரு சொல்லும் ஓர் அரசகுமாரனும்

கோவிற்பட்டிக்குக் கிழக்கே கரிசற்காட்டில் பருத்தியெடுக்கும் பெண்டிர் வாய்ச்சண்டை பிடிக்குங்கால், ஏசுதற்கு வேறு சொல் அகப்படாத நிலையில் இறுதியாக எறியும் சொல் ஒன்றுண்டு: “வப்பாட்டி மகனே!” எறிந்தவளின் கை, மடியிற் கட்டிய பருத்தியை விடாது பற்றியிருக்கும், அச்சொல் தைத்த சிறுவனோ, காலடியில் வாய்பிளந்து கிடக்கும் மண்வெடிப்பைப் பார்த்தவாறே நிற்பான். அத்தகைய முகமொன்றைக் கண்ட நாள்முதல், இச்சொல்லின் பிறப்பை அறியவேண்டுமென்ற வேட்கை என்னை விட்டு நீங்கவில்லை.

‘வைப்பு’ என்பது பழந்தமிழில் இழிபொருள் சுமந்த சொல்லன்று. ஊரையும் நிலப்பரப்பையும் அது குறித்தது; பொருளைச் சேமித்து வைக்கும் இடத்தை வள்ளுவர் வைப்புழி என்றார்; தேவாரத்தில் தனிப்பதிகம் பெறாமல், பிற பதிகங்களினிடையே பெயர் மாத்திரம் வரும் ஊர்களை வைப்புத்தலம் என்று சைவ உலகம் பக்தியோடு போற்றுகிறது. ‘ஆட்டி’யோ ஆளுதலொடு தொடர்புடைய பெண்பாற் சொல், மணவாளனுக்கு மணவாட்டி, மூதாளனுக்கு மூதாட்டி. இங்ஙனம் சிறப்புடைய இரண்டு சொற்கள் கூடி ஒரு வசவாயின. அதனினும் என் நெஞ்சை வருத்துவது, மணவாட்டிக்கு மணவாளன் இருக்க, வைப்பாட்டிக்கு இணையாக வைப்பாளன் என்றொருவனை வழக்கு படைக்கவேயில்லை என்பதுதான். வைத்தவன் பெயரின்றித் தப்பினான். அவளும் அவள் வயிற்றுப் பிள்ளையுமே பழியைச் சுமந்தனர்.

அரண்மனையிலும் இப்பழி புகுந்தது. 1268 முதல் பாண்டிநாட்டை ஆண்ட மாறவர்மன் குலசேகரனுக்குச் சுந்தரபாண்டியன் பட்டத்தரசியின் மகன் என்றும், வீரபாண்டியன் காமக்கிழத்தியின் மகன் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்தார். ஆற்றல் மிக்க வீரபாண்டியனைத் தந்தை இளவரசாக்க, சுந்தரபாண்டியன் 1310-ல் தந்தையையே கொன்றான் என்பதும் அவர் கூற்று. மறு ஆண்டே மாலிக் காபூரின் படை மதுரைக்குள் புகுந்தது. ஆனால் கல்வெட்டுகளை நோக்குமின்: இருவரும் சடையவர்மர்களே, தாயின் நிலை கொண்டு ஒருவரை உயர்த்தியும் ஒருவரைத் தாழ்த்தியும் கல் பேசவில்லை. வசவைக் காத்துவைத்தது ஏடுதான்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்காட்லாந்திலும் இவ்வழக்கு எழுந்தது. 1290-ல் அரசுரிமை தடுமாறியபோது உரிமை கோரியோருட் சிலர், 1214-ல் இறந்த வில்லியம் மன்னனுக்கு மணவுறவின்றிப் பிறந்த மக்களின் வழியினர். அவர்தம் கோரிக்கை நில்லாமற் போக, 1292-ல் ஜான் பேலியல் முடி பெற்றார். அங்கே பாட்டியின் திருமணம் பேரனது முடியை நிர்ணயித்தது. இங்கே தந்தையின் விருப்பமே வீரபாண்டியனை அரியணைக்கு அருகிற் கொண்டுவந்தது.

கரிசல் முதியோர் சிலர் இன்றும் அந்த வசவை நாவில் ஏற்றுவதில்லை. மணமுடித்து வந்த இரண்டாம் மனைவிக்குரிய ‘இளையகுடி’ என்னும் பெயரையே வைப்பாட்டிக்கும் தந்து பேசுவர். குடி என்ற சொல்லால் அவளை வீட்டுக்குள் ஏற்கும் அப்பண்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் குளிர்கிறது. வீரபாண்டியன் என்ற பெயருக்கும் இழிவு ஒட்டவில்லை. பாண்டியர் பலர் தாங்கிய அப்பெயரை முன்னே சேர்த்தே, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை இக்கரிசற் சீமை அழைக்கிறது.