கோட்டை அகழியும் எங்க கிணறும்



மலருக்கு நம்ம ஊர் வரலாறு எழுதுங்க என்று கூட்டத்தில் சொன்னார்கள். ரஞ்சன்குடி என்றாலே கோட்டைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 1751-ல் வாலிகண்டபுரம் பக்கம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டது புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கு அந்தக் கோட்டையில் பிடித்தது அகழிதான். எதிரி வராமலிருக்க வெட்டியது என்பார்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்கு அது மழைத்தண்ணி நிறுத்துற பள்ளமாகத்தான் தெரியும்.

பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டமானது. பருத்தியும் மக்காச்சோளமும் பெரும்பாலும் மானாவாரி, சின்ன வெங்காயத்துக்குக் கிணறு. எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யணும்.

2008 ஏப்ரலில் நூறு நாள் வேலை நம்ம மாவட்டத்துக்கு வந்தது. கூலிக்காகத்தான் போனோம். வரத்து வாய்க்காலில் முள்ளு வெட்டினோம், ஏரியில் மண் சுமந்தோம். மரத்தடியில் உட்கார்ந்துட்டு வருதுங்க என்று பேசினவர்கள் உண்டு. அவர்கள் கிணத்திலும் அந்தத் தண்ணிதான் ஊறியது! 'காலநிலை மாற்றம்' என்ற வார்த்தையையே ரொம்ப நாள் கழித்து ஒரு பயிற்சியில்தான் கேட்டோம்.

2015-ல் உலக நாடுகள் பாரிஸில் கூடி, பூமி சூடாவதைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருஷமே நமக்கு இடி. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சி என்று அரசு அறிவித்தது. பட்டறையில் வைத்திருந்த விதை வெங்காயத்தை நான் வந்த விலைக்கு விற்றேன். குழுவில் பாதிப் பேர் தவணை கட்டவில்லை. இனி விவசாயத்துக்குக் கடனே வேண்டாம், மாட்டுக்கு மட்டும் கொடுப்போம் என்று ஒரு கட்சி. மாட்டுக்கும் தீவனம் விளையணுமே என்று நாங்கள். மூணு கூட்டம் சண்டை போட்டுத்தான் சொட்டுநீருக்கு உள்கடன் என்று தீர்மான நோட்டில் எழுதினோம்.

சொட்டுநீருக்கு அரசே சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் தருகிறதே, கடன் எதுக்கு என்று கேட்பீர்கள். சான்றிதழ் வாங்கப் பட்டா வேண்டும். எங்க நிலம் மாமனார் பேரில், பாகம் பிரிக்காமல் கிடந்தது. உழுவதும் களை எடுப்பதும் நான், காகிதத்தில் நான் இல்லை. அதனால் அரை ஏக்கருக்குக் குழுப் பணத்தில் குழாய் போட்டேன். முன்னே அரை ஏக்கருக்கே போதாத கிணத்துத் தண்ணி அதுக்குப் போக மிஞ்சியது. களையும் குறைந்தது. ரெண்டு வெள்ளாமையில் கடனை அடைத்து, அடுத்த அரை ஏக்கருக்கும் போட்டேன்.

கடன் வாங்கி இப்படிச் செய்வது நமக்கு மட்டும் வந்த யோசனை இல்லை. கோயம்புத்தூர் மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை வைத்தது. ஊர்த் தேவைக்குப் போக மீதிக் கரண்டை மின்வாரியத்துக்குக் கொடுத்து, வந்த பணத்தில் கடனையும் அடைத்தது. நம்ம கூட்டமைப்பு ஒரு சூரிய மோட்டாருக்காவது யோசிக்கலாம் என்பது என் ஆசை.

போன வருஷம் பாகம் பிரித்தாச்சு. பட்டா வீட்டுக்காரர் பேரில் வந்தது. கூட்டுப் பட்டா கேட்டு எங்க குழுவில் நாலு பேர் மனு எழுதியிருக்கிறோம். ரெண்டு வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எங்க வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.