அழுதுகொண்டே பின்னால் போ

கன்பூசியஸ்னாலே கீழ்ப்படிதல்தான் என்று நம்மில் பலரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பிரதிகளை வாசிக்கையில் எனக்கு வேறொன்று தென்படுகிறது. பெற்றோர் கடன் பேசும் ‘சியாவ் ஜிங்’ நூலில், அப்பா சொல்லுக்குக் கட்டுப்படுவதுதான் கடமையா என்று சீடர் கேட்க, குரு கடிந்துகொள்கிறார்: அப்பா அநியாயம் செய்தால் மகன் எதிர்த்துப் பேசியாக வேண்டும்.

சரி, பேசியும் அவர் கேட்கவில்லையென்றால்? இங்குதான் விஷயமே இருக்கிறது. ‘லீ ஜி’ என்ற சடங்கு நூலின்படி, மூன்று முறை சொல்லியும் மன்னன் கேட்காவிட்டால் அமைச்சன் விலகிப் போகலாம். மகனோ அழுதுகொண்டே அப்பாவின் பின்னால் போக வேண்டும். மறுக்க வாய் உண்டு, வெளியேற வாசல் இல்லை.

கி.பி. 653இன் தாங் சட்டத் தொகுப்பு அந்த வாசலை இன்னும் இறுக்கி அடைத்தது. பெற்றோர்மீது புகார் கொடுத்தால், புகார் உண்மையே ஆனாலும், கழுத்தை நெரித்து மரண தண்டனை. முக்கியமான விலக்கு, அரசுக்கு எதிரான சதி. அதாவது சிம்மாசனம் ஆடினால் மட்டும் அப்பாவைக் காட்டிக்கொடுக்கலாம். அடிபட்ட பிள்ளைக்காக அல்ல.

குடும்ப அமைப்பே சர்வாதிகாரத்தின் அடித்தளம் என்று 1917இல் ‘புதிய இளைஞர்’ இதழில் ஊ யூ எழுதியது சும்மா இல்லை. எதிர்ப்பைக் கடமையாக்கிய மரபு அதை உரிமையாக்கவில்லை. பேச விடுகிற அதிகாரத்திடமும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: பேசிய பிறகு என்னை விலக விடுவாயா?