பேச மறுத்த அட்டை: ஒலி, உடைமை, படியெடுத்தல்

1

தொழில்நுட்ப வரலாறு என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் வரவுகளின் வரலாறுதான். இந்த ஆண்டு இது வந்தது, அடுத்த ஆண்டு அது வந்தது, வந்தது எல்லாமே முன்னதைவிட வேகமானது, மலிவானது. சந்தையிலிருந்து நீங்கிய பிறகு ஒரு பொருளுக்கு என்ன ஆகிறது என்கிற கேள்விக்கு இந்தக் கதையாடலில் இடமே கிடையாது. அந்தப் பொருளை இன்னும் கையில் வைத்திருப்பவர் வரலாற்றுக்கு வெளியே தள்ளப்பட்டவராகிறார். அந்த வெளியில் நின்றுகொண்டு சில விஷயங்களைப் பேசலாம் என்று நினைக்கிறேன். எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது: லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பழைய ஒலி அட்டையைப் பேச வைப்பது. ‘இதுல என்னய்யா அரசியல் இருக்கு?’ என்று கேட்கலாம். இருக்கிறது.

ஒலி அட்டை தானாகப் பேசாது. அதற்கும் இயங்குதளத்துக்கும் நடுவே ‘டிரைவர்’ என்கிற ஒரு நிரல் வேண்டும். எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் அட்டை என்ன செய்யும் என்பதைத் தெரிந்துவைத்திருக்கும் இடையாள் அது. இடையாளைக் கையில் வைத்திருப்பவரே பொருளின் உண்மையான உடைமையாளர். அட்டையைக் காசு கொடுத்து வாங்கியவர் நாம்தான் என்றாலும் டிரைவரின் மூலநிரல் நிறுவனத்திடம் பூட்டியிருக்கும்வரை நாம் வெறும் குத்தகைதாரர்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றக் கதையே இப்படிப்பட்ட ஓர் இடையாளைப் பற்றியதுதான். எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் இருந்த செராக்ஸ் அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ள, அதைச் சமாளிக்க டிரைவரைத் திருத்த விரும்பினார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளர் தர மறுத்தார்; யாருக்கும் தருவதில்லை என்று அவர் கையெழுத்திட்டிருந்தார். 1983-இல் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த மறுப்பும் இருந்தது.

2

1987-இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆட்லிப் அட்டை வந்தது. யமஹாவின் ஒய்.எம். 3812 சில்லில் ஓடிய அது இசைக் குறிப்புகளை வாசிக்கும். மனிதக் குரலைப் பதிந்து திரும்பச் சொல்லத் தெரியாது. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. ஆட்லிப் செய்ததை எல்லாம் அப்படியே செய்துகாட்டி, கூடவே பதிவுசெய்த ஒலியையும் வாசித்தது. டாஸ் விளையாட்டுகளை எழுதியவர்கள் இதற்கென்றே எழுதினார்கள். விரைவில் மற்ற நிறுவனங்களின் அட்டைகள் தங்களைச் ‘சவுண்ட் பிளாஸ்டருக்கு இணக்கமானவை’ என்று அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. எந்தக் குழுவும் கூடி வகுக்காத இலக்கணம் இது. சந்தையில் வென்றவரின் பேச்சுவழக்கே இலக்கணமானது.

இந்த இலக்கணத்தை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர் ஹன்னு சவோலைனென். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் கெர்னலை வெளியிட்ட அதே பின்லாந்தைச் சேர்ந்தவர். 1992 வாக்கில் அவர் எழுதிய ஒலி டிரைவர் லினக்ஸின் பகுதியாயிற்று. அந்த நிரல் பெயர்மேல் பெயர் மாற்றிக்கொண்டே வந்தது. வாக்ஸ்வேர் என்று கொஞ்ச காலம் அழைக்கப்பட்டு, கடைசியில் ‘ஓப்பன் சவுண்ட் சிஸ்டம்’, சுருக்கமாக ஓ.எஸ்.எஸ்., என்று நிலைத்தது.

அன்றைக்கு ஓர் அட்டையைப் பொருத்துவது என்பது வாசிப்புப் பயிற்சி. ஐ.எஸ்.ஏ. துளையில் செருகும் அட்டை தன்னைப் பற்றி எதையும் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். போர்ட் முகவரி 220, குறுக்கீட்டு எண் 5, டி.எம்.ஏ. தடம் 1, பதினாறு பிட் ஒலிக்குத் தடம் 5. அட்டைமேல் உள்ள சின்னச் சின்ன ஜம்பர்களை இடம் மாற்றி இவற்றில் சிலவற்றை அமைக்க வேண்டியிருந்தது. பி.சி.யில் குறுக்கீட்டுக் கோடுகள் மொத்தமே 16. அவற்றில் பலவற்றை விசைப்பலகை, கடிகாரம், வட்டு என்று ஏற்கெனவே வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர் கேட்டது 7-ஆம் எண்ணை. அது அச்சுப்பொறியின் இடம். பிந்தி வந்தவன் இடம் கேட்கும்போது எழும் தகராறு இயந்திரத்துக்குள்ளும் உண்டு.

1990-களின் நடுவில் ‘செருகு, ஓட்டு’ என்கிற பிளக் அண்ட் பிளே அட்டைகள் வந்தபோது வேலை குறையவில்லை, வேறு வடிவம் எடுத்தது. லினக்ஸில் ‘பிஎன்பிடம்ப்’ என்கிற கருவியை ஓட்டினால் அட்டை ஏற்கக்கூடிய அத்தனை எண் சேர்க்கைகளையும் ஒரு நீண்ட கோப்பாக எழுதித் தரும். ஆனால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு குறி. அந்தக் குறி இருந்தால் கணினிக்கு அது வெறும் குறிப்புரை, எடுத்துவிட்டால் கட்டளை. பாடபேதங்களில் ஒன்றை மூலபாடமாகத் தெரிவுசெய்யும் பதிப்பாசிரியரின் வேலைதான் இது. பிறகு மோட்யூலை ஏற்ற வேண்டும். எண் ஒன்று தவறினாலும் சத்தம் வராது, அல்லது ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்கும். 2.2 வரிசைக் கெர்னல் 1999-இல் வருவதற்கு முன் இந்த எண்களைப் பெரும்பாலும் கெர்னலைத் தொகுக்கும்போதே எழுதிவிட வேண்டியிருந்தது. ஒரு எண்ணை மாற்ற முழுக் கெர்னலையும் திரும்பத் தொகுக்கணும்.

இந்தச் சிரமத்தைப் போற்றிப் பாடுவது என் நோக்கமல்ல. சிரமம் பலரை வெளியே நிறுத்தியது. ஆனால் அந்தச் சிரமத்தில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. ஏன் ஒலி வரவில்லை என்கிற கேள்விக்கு விடை, படிக்கத் தயாராக இருந்தவருக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

3

அட்டை வேலை செய்ததும் முதலில் கேட்ட குரல் யாருடையது? 1994-இல் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்ற சொல்லைத் தான் எப்படி உச்சரிக்கிறேன் என்று ஆங்கிலத்திலும் ஸ்வீடிஷ் மொழியிலும் பதிவுசெய்து கோப்புகளாக விட்டிருந்தார். பின்லாந்தின் ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையைச் சேர்ந்தவர் அவர். ரெட் ஹேட்டின் ‘சவுண்ட் கான்ஃபிக்’ கருவி அட்டையை அமைத்து முடித்ததும் சோதனைக்காக அந்தக் குரலைத்தான் வாசித்துக் காட்டும்.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், உலகெங்கும் கணினிகள் முதல்முறை வாய்திறந்தபோது ஆசிரியரின் குரலில்தான் பேசின. எழுத்துக்கு எத்தனை கைகள் சேர்ந்தாலும் உச்சரிப்புக்கு ஒரே சான்றாளர். கெர்னலின் ஒலிப் பகுதியை எழுதிய சவோலைனெனின் குரலை யாரும் கேட்டதில்லை. பேச வைத்தவரின் குரல் கேட்காமல் போவது புதிதா என்ன?

இன்னொன்று. ஓ.எஸ்.எஸ். அமைப்பில் பெரும்பாலான அட்டைகளில் ஒலிச் சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். ஒன்று பாடிக்கொண்டிருந்தால் இரண்டாவது நிரலுக்குக் கிடைக்கும் பதில், ‘சாதனம் வேலையாக இருக்கிறது.’ ஒலிகளைக் கலந்து தரும் இடைநிலை நிரல்கள் பல அடுத்தடுத்து எழுதப்பட்டது இதனால்தான். லென்னார்ட் போட்டரிங் 2004-இல் தொடங்கிய வேலை பல்ஸ் ஆடியோ என்று பெயர்பெற்று 2007-இல் ஃபெடோராவின் இயல்பு ஏற்பாடானது. விம் டைமன்ஸின் பைப்வயர் 2021-இல் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. பல குரல்கள் ஒரே நேரத்தில் கேட்பது இயல்பாக அமைவதல்ல. யாரோ உட்கார்ந்து எழுத வேண்டிய ஏற்பாடு.

4

பெயரிலேயே ‘ஓப்பன்’ வைத்திருந்த ஓ.எஸ்.எஸ்.ஸின் கதை எளிமையானதல்ல. சவோலைனென் ஃபோர்ஃபிரண்ட் டெக்னாலஜிஸ் என்கிற அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்தார். அதன்பின் ஒரே மரத்தில் இரண்டு கிளைகள். கூடுதல் அட்டைகளை ஆதரித்த, அமைக்கச் சுலபமான வடிவம் விலைக்கு. கெர்னலுக்குள் இருந்த இலவச வடிவம் பின்தங்கியது. இதைத் துரோகம் என்று எழுதிவிடலாம். அது சோம்பேறித்தனமான வாசிப்பு. ஒவ்வொரு மாதமும் புது அட்டை சந்தைக்கு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் விவரம் வேண்டும், பல நிறுவனங்கள் வெளியே சொல்லாதே என்ற நிபந்தனையோடுதான் விவரம் தருகின்றன. ஒருவர் சோற்றுக்கும் வழி பார்க்க வேண்டும். சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

ஆனால் கணக்கு விளங்குவது வேறு, விளைவு வேறு. கனடாவின் கிராவிஸ் நிறுவனத்துடைய அல்ட்ராசவுண்ட் அட்டைக்குத் தனியாக டிரைவர் எழுதிக்கொண்டிருந்த செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிஸெலா, 1998-இல் அந்த நிரலிலிருந்து ‘அல்சா’ என்கிற முழு ஒலி அமைப்பையே எழுதத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் கெர்னலுக்கு வெளியே வளர்ந்த அது 2002-இல் 2.5 வரிசைக்குள் வந்தது. 2003 டிசம்பரில் வெளியான 2.6-இல் ஓ.எஸ்.எஸ். ‘கைவிடப்பட வேண்டியது’ ஆனது. 2007-இல் ஃபோர்ஃபிரண்ட் தன் மூலநிரலைத் திறந்துவிட்டபோது கெர்னல் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய ஓ.எஸ்.எஸ். டிரைவர்கள் 2017-இல் கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டன. எனினும் ஓ.எஸ்.எஸ். பேச்சுவழக்கில் எழுதப்பட்ட பழைய நிரல்கள் அல்சாவோடு பேச ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு எழுதப்பட்டிருந்தது. தோற்ற மொழியில் எழுதப்பட்டவை தொடர்ந்து படிக்கப்பட வேண்டும் என்று வென்ற அமைப்பு நினைத்தது சின்ன விஷயமல்ல.

5

இப்போது மையமான உதாரணத்துக்கு வரலாம். 1990-களின் இறுதியில் ஆரியல் என்கிற அமெரிக்க நிறுவனம் வோர்டெக்ஸ் சில்லுகளைக் கொண்டுவந்தது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று செவிக்கு உணர்த்துவதில் பேர்பெற்றவை. கிரியேட்டிவ் நிறுவனம் அதன்மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1999-இல் ஆரியல் வென்றது. வழக்குச் செலவில் முறிந்து 2000-இல் திவாலானது. அதன் சொத்துகளை வாங்கியது கிரியேட்டிவ். வழக்கில் தோற்றவர் வென்றவரையே வாங்கிவிட்ட கதை.

ஆரியல் லினக்ஸுக்கு டிரைவர் தந்திருந்தது. மேலே மெல்லிய திறந்த உறை. உள்ளே மூலநிரல் இல்லாத மூடிய கரு. நிறுவனம் போனபின் கெர்னல் மாறிக்கொண்டே இருக்க, கருவைத் திருத்த உரிமையும் வழியும் யாரிடமும் இல்லை. நன்றாக இருந்த அட்டைகள் ஊமையாயின. பிற்பாடு தன்னார்வலர்கள் அந்த மூடிய நிரலை ஆராய்ந்து, பதிவேடு பதிவேடாக ஊகித்து, அல்சாவுக்கான ஒரு டிரைவரை எழுதிச் சேர்த்தார்கள். இதற்கு மாறாக, 1999-இல் கிரியேட்டிவ் தன் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையின் டிரைவரைப் பொது உரிமத்தில் திறந்துவிட்டது. அந்த அட்டைக்கு லினக்ஸில் அநாதை நிலை வரவில்லை. இரண்டு கதைகளிலும் ஒரே நிறுவனம் இருப்பதைக் கவனிக்கலாம். நல்லவர் கெட்டவர் என்று பிரிக்க இங்கே இடமில்லை. பிரதி எந்த நிலையில் விடப்பட்டது என்பதே கேள்வி.

தமிழ் படித்தவனுக்கு இது பழகிய கேள்வி. பெட்டிக்குள் பூட்டிவைத்த ஏடு செல்லரித்துப் போனது. படியெடுக்கப்பட்ட ஏடு பிழைத்தது. ஏட்டைக் காத்தது பனையோலையின் உறுதி அல்ல. ஓலை எப்படியும் மட்கும், அதற்குள் இன்னொருவர் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்க இரண்டு தேவை: பார்க்க அனுமதி, படிக்கத் தெரிந்த கண். பொது உரிமம் முதலாவதைச் சட்டமாக்கியது. இரண்டாவதை எந்த உரிமமும் தராது.

6

ஐ.எஸ்.ஏ. துளையுள்ள ஒரு பென்டியம் 3 கணினியில், 2023-இல் வெளியான டெபியன் 12-ஐ நிறுவி, பழைய சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டையை நான் பொருத்தினேன். அதே எண்கள்: 220, 5, 1, 5. மோட்யூல் ஏறியது. சத்தம் மட்டும் வரவில்லை. பழுதல்ல, அல்சாவில் தடங்கள் தொடக்கத்தில் மௌனமாகவே வைக்கப்படும். அல்சாமிக்சரைத் திறந்து ‘எம்’ விசையை அழுத்தி மௌனத்தை நீக்க வேண்டும், அவ்வளவுதான். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அட்டை பேசியது. உற்பத்தியாளரின் தயவு இதில் இல்லை. கெர்னலில் மற்றவை மாறும்போதெல்லாம் இந்தக் கோப்பையும் யாரோ திருத்தி வந்திருக்கிறார்கள். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் சம்பளக்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அல்சாவைப் பல ஆண்டுகளாகப் பராமரிக்கும் தகாஷி இவாய் சூசே நிறுவன ஊழியர். கிஸெலாவும் சூசேயில் வேலை பார்த்தவர்தான். பொதுச்சொத்தின் காவலுக்கு முதலாளி கூலி கொடுக்கிறார். அந்தக் கூலி நிற்கும் நாளில் காவல் யார் என்பது நம் விவாதங்களில் எழாத கேள்வி.

அதன் முதல் அறிகுறி வந்துவிட்டது. 2025-இல் வெளியான டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்குக் கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. டிரைவரின் பிரதி கெர்னலில் இருக்கிறது. அது நிற்கும் நிலம் சுருங்குகிறது. இதில் சதி எதுவும் இல்லை, ஆள் போதவில்லை என்பதே காரணம். ஆனாலும் மூலநிரல் கையில் இருப்பதால் வேறொருவர் தொகுத்துக்கொள்ளலாம் என்கிற கதவு திறந்தே இருக்கிறது. ஆரியலின் கருவை வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கதவு இருக்கவில்லை.

ஆகவே விடுதலை என்பதை ஒருநாள் நிகழ்வாக, ஓர் உரிமத்தின் வாசகமாகப் புரிந்துகொள்வதை நாம் கைவிட வேண்டும். திறந்துவிடுவது தொடக்கம். அதன்பின் ஒவ்வொரு தலைமுறையும் படியெடுக்க வேண்டும், படியெடுப்பவரின் சோற்றுக்கு வழி செய்ய வேண்டும், அடுத்த ஆளுக்குப் படிக்கச் சொல்லித் தர வேண்டும். புகழ் கிடைக்காத வேலை இது. நம் இயக்கங்கள் அறிக்கைகளை எழுதத் தெரிந்த அளவுக்கு இந்த வேலையைச் செய்யத் தெரிந்துகொண்டனவா?