பட்டறையில் பிறந்த மலைச் சைக்கிள்



சூலக்கரையில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பத்து நாள்களாக ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கின்றது. இருக்கையும் கைப்பிடியும் தரையில். சக்கரங்கள் இரண்டும் வானத்தை நோக்கி. அதனைச் சுற்றிப் பழைய பனியன் துணி, கிரீஸ் டப்பா, ஸ்பானர்கள், ஒரு கிண்ணத்தில் டீசலில் ஊறிக்கொண்டிருக்கும் பால்ஸ் குண்டுகள். இவற்றின் நடுவே சம்மணமிட்டு அமர்ந்திருப்பவன், பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன்.

பழைய விலைக்கு வாங்கிய அந்தச் சைக்கிள் 'மலைச் சைக்கிள்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. தடித்த டயர், நேரான கைப்பிடி, பற்சக்கரங்கள் பல. எங்கள் ஊரோ கரிசல் பூமி. மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால்தான் மலை. மலையில்லாத ஊருக்கு மலைச் சைக்கிள் எதற்கடா என்று கேட்டேன். "கருவேல முள்ளுக்குத்தான் தாத்தா" என்றான். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்குள் மெத்தைபோல் பரப்பி, முள்ளுக்கு ஒரு காப்புச் செய்து வைத்திருக்கிறான். இது எங்கள் வட்டாரத்துச் சைக்கிள் கடைகளில் நெடுங்காலமாக உள்ள உபாயமே.

அவன் செய்யும் மாற்றங்களில் ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது. பின்சக்கரத்தின் பெரிய பற்சக்கரத்தில் 28 பற்கள் இருந்தன. அதனைக் கழற்றிவிட்டு 34 பற்கள் உள்ளதை மாட்டினான். முன்னே 28, பின்னே 28 என்றால், பெடலை ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறை சுற்றும். பின்னே 34 ஆக்கினால் சக்கரம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே சுற்றும். வேகம் குறையும், மிதிப்பது எளிதாகும், ஏற்றத்தில் ஏறலாம். ஆனால் பெரிய பற்சக்கரத்திற்குப் பழைய செயினின் நீளம் போதவில்லை. செயினை நீட்டினால், சிறிய பற்சக்கரத்திற்கு வரும்போது அது தொய்கிறது. தொய்வை இழுத்துப் பிடிக்கும் கையோ நீளம் குறைந்தது. ஒன்றைத் தொட்டால் மூன்றைத் தொடவேண்டியிருக்கிறது. மூன்று நாள் இதில் கழிந்தது.

இத்தகைய வேலையை விளையாட்டு என்று தள்ளிவிடலாமா? மலைச் சைக்கிளின் வரலாற்றைப் பார்த்தால், அந்த யந்திரமே இவ்வாறான தாழ்வாரங்களிலும் வாடகைக் கொட்டகைகளிலும் பிறந்தது என்று தெரிகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே நிற்கும் மலையின் பெயர் தமால்பயஸ். (பெயரைக் கேட்டதும் நம்மவர் சிலர் தமிழோடு உறவு கற்பிக்க விரைவர். அது அங்குள்ள பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த பெயர்.) 1970களின் நடுவில் அவ்வட்டாரத்து இளைஞர்கள் சிலர், காயலான் கடையில் கிடந்த பழைய 'ஷ்வின்' சைக்கிள்களைச் சில டாலருக்கு வாங்கினர். அவை 1930களிலும் 40களிலும் செய்தித்தாள் போடும் சிறுவர்களுக்கென்று செய்யப்பட்டவை; எருமைபோல் கனத்தவை. ஆயினும் அவற்றின் டயர் தடித்தது, சட்டம் முரட்டுத்தனமானது. 1933இல் ஷ்வின் நிறுவனம் கொண்டுவந்த 26 அங்குலத் தடித்த டயர், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இவ்விளைஞர்களுக்கு உதவிற்று.

1976 அக்டோபரில் பேர்பேக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு மலைப்பாதையில் இவர்கள் இறங்குபந்தயம் தொடங்கினர். ஏறத்தாழ இரண்டு மைல் தூரம்; 1,300 அடி இறக்கம். அச்சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர அச்சுக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். இறங்கும் வேகத்தில் அந்த ஹப் கொதித்து, உள்ளேயிருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகப் போய்விடும். ஒரு முறை இறங்கினால் ஹப்பைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைக்கவேண்டும். மீண்டும் அடைப்பது என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. சைக்கிளை ஓவராயில் செய்வதன் பெயரால் வழங்கிய பந்தயம் உலகில் வேறுண்டோ, நான் கேள்விப்பட்டதில்லை.

அவ்விளைஞருள் கேரி பிஷர் என்பவர் அப்பந்தயத்திற்கு முன்னரே தம் பழஞ்சைக்கிளில் பற்சக்கரங்களையும், டிரம் பிரேக்குகளையும், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும் மாட்டியிருந்தார். இறங்குவதற்கு மட்டும் உதவிய வண்டி, ஏறுவதற்கும் உதவியது. மலைக்கு லாரியில் ஏற்றிச் செல்லும் தேவை ஒழிந்தது. ஜோ பிரீஸ் என்பவர் பழைய சட்டங்கள் முறிந்துபோவதைக் கண்டு, 1977இல் இதற்கென்றே புதுக் குழாய்களை இணைத்துத் தம் கையாலேயே ஒரு சட்டம் செய்தார். டாம் ரிட்சி என்பவர் செய்த சட்டங்களை வாங்கி, பிஷரும் அவர் நண்பர் சார்லி கெல்லியும் 1979இல் ஒரு வாடகைக் கொட்டகையில் சைக்கிள் பூட்டி விற்கத் தொடங்கினர். 'மலைச் சைக்கிள்' என்பதே அவர்கள் கடையின் பெயர். அப்பெயரைத் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள முயன்றும் இயலவில்லை, ஊருக்குப் பொதுப்பெயராகிவிட்டது. 1981இல் 'ஸ்பெஷலைஸ்டு' என்னும் நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற பெயரில் ஜப்பானில் செய்வித்த சைக்கிள்களை விற்கத் தொடங்கியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் இடம்பெற்றது. கிரீஸ் புகைந்த பாதைக்கும் ஒலிம்பிக்குக்கும் இடையே இருபது ஆண்டுகள்தாம்!

அப்படியானால் மலைச் சைக்கிளைக் கண்டுபிடித்தவர் யார்? பிஷரா, பிரீசா, ரிட்சியா? இங்கேதான் வரலாற்று மாணவன் சற்று நிதானிக்க வேண்டும். 1974 டிசம்பரில் கூப்பர்ட்டினோ என்னும் ஊரிலிருந்து ஒரு பந்தயத்திற்கு வந்த இளைஞர் சிலர், தடித்த டயர் சைக்கிள்களில் பற்சக்கர மாற்றி பூட்டியிருந்தனர். மரின்காரர்கள் அதனைக் கண்டு வியந்தனர். அதற்கு முன்பே, 1953இல், ஜான் பின்லி ஸ்காட் என்னும் மாணவர் தடித்த டயர், நேரான கைப்பிடி, பற்சக்கர மாற்றி எல்லாம் சேர்த்துக் காட்டுவழிக்கு ஒரு சைக்கிள் செய்துவிட்டார். அதே 1950களில் பாரிஸ் நகரப் புறத்தே ஏறத்தாழ இருபது இளைஞர்கள் தங்கள் சைக்கிள்களை இவ்வாறே மாற்றி ஓட்டினர். இவர்களைப் பற்றி மரின்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1990களில் அண்டை ஊர் ஒன்றின் பள்ளியில் நான் ஆசிரியனாயிருந்தேன். வகுப்புத் தேர்வு ஒன்றில், "மிதிவண்டியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டிருந்தேன். ஒரு மதிப்பெண். எதிர்பார்த்த விடை: மெக்மில்லன், 1839. மாலை வேளைகளில் வாடகைச் சைக்கிள் கடையில் வேலை செய்த ஒரு பையன், "ஒருத்தர் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு ஊர்க்காரர் செய்தது" என்று எழுதியிருந்தான். விடைத்தாளின் ஓரத்தில் கிரீஸ் கைரேகை. சிவப்பு மையால் பூஜ்யம் இட்டேன். மெக்மில்லன் பெயரைப் பத்து முறை எழுதி வரச் சொன்னேன்; கையைக் கழுவிவிட்டு வகுப்புக்கு வா என்றும் சொன்னேன்.

மெக்மில்லன் ஸ்காட்லாந்து நாட்டுக் கொல்லர். அவர் பெடல் வைத்த சைக்கிள் செய்தார் என்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து அவருடைய உறவினர் ஒருவர் பரப்பிய செய்தி. ஆய்வாளர் பலர் இன்று அதனை ஏற்பதில்லை. ஐயமின்றித் தெரிந்தது இது: 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் தரையைக் காலால் உந்தி ஓட்டும் இருசக்கர வண்டி செய்தார். 1860களில் பாரிஸில் முன்சக்கரத்திற்குப் பெடல் வந்தது. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் 'ரோவர்' வண்டியைச் செய்தார். இன்றைய சைக்கிளின் வடிவம் அதுதான். 1888இல் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே தாம்சன் என்பவர் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர்த் தெரிந்தது. ஆகவே அந்தப் பையன் எழுதியதே சரி. பூஜ்யம் எனக்குரியது.

நம் நாட்டில் இக்கதை எவ்வாறு நடந்தது? சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த சைக்கிளை இங்கேயே செய்ய, 1949இல் முருகப்பா குழுமத்தார் ஆங்கில நிறுவனமொன்றுடன் கூடிச் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அம்பத்தூரில் ஆலை எழுந்தது. 1990களில் அந்நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வரிசையிலேயே மலைச் சைக்கிளும் வந்தது. ஆனால் ஆலையிலிருந்து வந்தபடியே எந்தச் சைக்கிளை நம் மக்கள் ஓட்டினார்கள்? பால்காரர் கேன் தொங்க இருபுறமும் கொக்கி வைத்தார். சாணை பிடிப்பவர் ஸ்டாண்டு போட்ட சைக்கிளிலேயே சாணைக்கல்லைப் பூட்டி, பெடலை மிதித்துக் கத்தி தீட்டினார். இருக்கைக்குக் கால் எட்டாத சிறுவர் சட்டத்தின் இடையே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டனர். நானும் அவ்வாறு கற்றவனே. 1991 முதல் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். பெண்களுக்கான சைக்கிள் போதாமற்போகவே ஆண்கள் சைக்கிளை வாங்கினர். பிறகு அதையே விரும்பினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! இப்பயனை எந்தப் பொறியாளரும் வரைபடத்தில் குறித்திருக்க மாட்டார்.

ரைட் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்களே. 1901இல் சிறகின் மேல் காற்று செய்யும் வேலையை அளக்க, ஒரு சைக்கிளின் கைப்பிடிக்கு முன்னே இன்னொரு சக்கரத்தைப் படுக்கையாகப் பொருத்தி, தெருவில் விரைந்து ஓட்டிச் சோதித்தனர். 1903இல் பறந்த அவர்களுடைய விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியதும் செயினும் பற்சக்கரமுமே. எங்கள் வட்டாரத்திலும் பட்டறை கண்ட வரலாறு உண்டு. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கையால் பழகிக்கொண்டு திரும்பினர். சிவகாசியின் தொழில் அங்கிருந்து வளர்ந்தது.

நேற்று மாலை பேரன் இடது பெடலைக் கழற்ற முயன்றான். ஸ்பானரின்மேல் ஏறியே நின்றுவிட்டான், அசையவில்லை. "எதிர்ப்பக்கம் திருப்பு, இடது பெடலுக்கு மறை தலைகீழ்" என்றேன். திருப்பினான், கழன்றது. தாத்தாவுக்கு இது எப்படித் தெரியும் என்று வியந்தான்.

பூஜ்யம் இட்ட சில வாரங்களுக்குப் பின், என் சைக்கிளின் இடது பெடல் பழுதாகி அந்த வாடகைக் கடைக்குத் தள்ளிச் சென்றேன். முதலாளி இல்லை, அந்தப் பையன்தான் இருந்தான். வீட்டில் நான் ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று கேட்டான். சொன்னேன். "இடது பெடலுக்கு மட்டும் மறை தலைகீழ் சார். இல்லையென்றால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும்" என்று சொல்லி, எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றிக் காட்டினான். புதுப் பெடல் மாட்டி, உரிய கூலியை வாங்கிக்கொண்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.