தமிழுக்கு மாறிய பத்திரிகை, சீறிய அரசு

1878-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் அமர்ந்தபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் பொருமின. பதிலடி கொடுக்கத் திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடினார்கள்: இரண்டு ஆசிரியர்கள், நான்கு சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’வின் முதல் இதழை அச்சிட்டார்கள். மொத்தம் 80 பிரதிகள்.

அது ஆங்கிலம் படித்தவர்கள் ஆட்சியாளர்களோடு நடத்திய வாதம். வரி கட்டிய குடியானவனுக்கும் தறிக்காரனுக்கும் அதில் இடமில்லை. அறுவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் ‘சுதேசமித்திரன்’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இவரே. 1898-இல் ‘இந்து’வை விட்டு விலகி, மறு ஆண்டே ‘சுதேசமித்திர’னை நாளிதழாக்கினார்.

1904-இல் அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தார் சுப்பிரமணிய பாரதி. ஆங்கிலத்தில் வரும் தந்திகளையும் தலைவர்களின் பேச்சுகளையும் அச்சுக்குப் போகுமுன் தமிழாக்கித் தர வேண்டும். அன்றாடம் அதுதான் வேலை. ஆனால் தன் மனதில் பட்டதையெல்லாம் எழுத அந்தப் பத்திரிகையில் இடம் போதவில்லை. 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ் அந்தக் குறையைத் தீர்த்தது. சிவப்புத் தாளில் அச்சிட்டு, கேலிச் சித்திரமும் போட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனுக்கும் அரசியல் புரிந்தது.

அரசுக்கும் புரிந்தது. 1908 மார்ச்சில் சுதேசி இயக்கத் தலைவர் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது. அதே ஆண்டு சுப்பிரமணிய ஐயர் ராஜத்துரோகக் குற்றத்தில் கைதானார். நோயுற்றிருந்த அவர் உறுதிமொழி கொடுத்து வெளியே வந்தார். ‘இந்தியா’வின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார், பாரதி புதுச்சேரிக்குத் தப்பினார். இருபது ஆண்டுகள் ஆங்கிலத்தில் விமர்சித்தபோது சிறைக்குப் போகாத சுப்பிரமணிய ஐயர், தமிழில் எழுதிச் சிறை கண்டார்.

ராஜத்துரோகத்தைத் தண்டிக்கும், இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு, வெள்ளையர் போன பிறகும் சட்டப் புத்தகத்தில் நீடித்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. வழக்குத் தொடுத்தவர்களில் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ‘ராஜத்துரோகம்’ என்ற பெயர் இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவிக்கும் எழுத்தைத் தண்டிக்க 152-ஆவது பிரிவு இருக்கிறது.