தனபதியின் கலங்கள் சென்ற வழி

தமிழக வரலாறு பயில்வோருக்கு டாலிகஞ்ச் என்ற பெயர் பெரும்பாலும் வேலூரின் வழியாகவே அறிமுகமாகியிருக்கும். 1806-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் திப்பு சுல்தானின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையிலிருந்து அகற்றப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட கல்கத்தாப் புறநகர் அது. ஆயினும் அவ்வூரை ஒட்டிக் கருநிறமாகத் தேங்கி நகரும் நீர்க்கால் ஒன்றுக்கு, அதனினும் பழைய கடற்பயணக் கதை ஒன்று உண்டு. அது ஈழத்தை நோக்கிச் சென்ற வங்காள ஆடவரின் கதை.

இன்று 'டாலியின் நாலா' எனப்படும் அக்கால்வாய், ஆதிகங்கை என்னும் ஆற்றின் எச்சம். கங்கை ஒருகாலத்தில் காளிகாட்டைக் கடந்து இவ்வழியாகவே தெற்கே கடலை அடைந்தது. ஆறு திசைமாறியபின் தடம் தூர்ந்தது. மேஜர் வில்லியம் டாலி 1775 முதல் 1777 வரை அதைத் தூர்வாரிக் கிழக்கே வித்யாதரி ஆற்றோடு இணைத்தார். படகுகளிடம் சுங்கம் பெறவும் கரையில் சந்தை அமைக்கவும் அவருக்கு உரிமை தரப்பட்டது. 'கஞ்ச்' என்பது சந்தை. டாலியின் சந்தை டாலிகஞ்ச் ஆயிற்று. ரசாபாக்லா என்ற பழம்பெயர் வழக்கொழிந்தது. ஆற்றைத் தோண்டியவரின் பெயர் ஊருக்கு நிலைத்துவிட, அதில் கலம் செலுத்தியோரின் பெயர்கள் காவியங்களில் மட்டுமே எஞ்சின.

அக்காவியங்களே மங்கல காவியங்கள். 1495-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் விப்ரதாஸ் பிபிலாயின் மனசா விஜயத்தில், சாந்த் சௌதாகரின் கலங்கள் காளிகாட், பாருய்ப்பூர், சத்ரபோக் எனக் கரையூர்களைக் கடந்து கடல்முகத்தை அடைகின்றன. இப்பட்டியலின் சில பெயர்கள் பிற்காலச் செருகல்கள் என்ற ஐயம் ஆய்வாளரிடையே உண்டு. ஆனால் வழி ஆதிகங்கையின் வழியே. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் முகுந்தராம் சக்கரவர்த்தி பாடிய சண்டிமங்கலத்தில் இப்பயணம் சிங்களத் தீவு வரை நீள்கிறது.

இக்கதைகளை ஆடவரின் கடல் வீரத்திற்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது பிற்காலத்தில் வழக்கமாகிவிட்டது. பனுவலைப் படிப்போருக்கு வேறொன்று தோன்றும். வணிகன் தனபதி தானாக விரும்பித் தீவுக்குச் செல்லவில்லை. அரசனின் பண்டாரத்தில் சந்தனமும் சங்கும் தீர்ந்துவிட்டன. கொண்டுவருமாறு ஆணை பிறக்கிறது. அவன் முன்பொருமுறை ஊரைவிட்டுச் சென்றிருந்த வேளையில்தான், மூத்தவள் லஹனாவால் இளையவள் குல்லனா ஆடு மேய்க்க விரட்டப்பட்டாள். அந்தக் காட்டில்தான் சண்டியின் வழிபாடு அவளுக்குக் கிடைத்தது. இம்முறை குல்லனா கருவுற்றிருக்கிறாள். அவள் வழிபடும் கலசத்தைக் காலால் உதைத்துவிட்டுத் தனபதி கலமேறுகிறான். ஏழு கலங்களில் ஆறு, கடலை எட்டுமுன்பே மூழ்குகின்றன.

எஞ்சிய ஒரு கலம் சேதுவைக் கடந்து சிங்களத்தை நெருங்கும்போது, காலிதஹம் என்னும் மடுவில் தனபதி ஒரு காட்சி காண்கிறான்: தாமரைமேல் அமர்ந்த பெண்ணொருத்தி யானையை விழுங்கி உமிழ்கிறாள். கண்டதைத் தீவின் அரசனிடம் பெருமையாகச் சொல்கிறான். அரசனுக்குக் காட்ட முயல, மடுவில் வெறும் நீர்தான் இருக்கிறது. பொய்யன் எனச் சிறையில் அடைக்கப்படுகிறான். பன்னிரண்டு ஆண்டுகள் கழிகின்றன. அதற்குள் வளர்ந்துவிட்ட மகன் ஸ்ரீமந்தன், தன் பிறப்பைப் பழித்த ஆசிரியரின் சொல் பொறாமல் தந்தையைத் தேடிப் புறப்படுகிறான். அதே மடு, அதே காட்சி, அதே வாய், இம்முறை கொலைக்களம். மீட்பது குல்லனாவின் தெய்வம். தொலைதேசத்தில் கண்டதைச் சொல்லும் ஆடவனின் சொல்லுக்கு இக்காவியம் துளியும் மதிப்பளிக்கவில்லை என்பது கவனத்திற்குரியது.

இங்கே மணிமேகலையின் சாதுவனை நினையாமல் இருக்க இயலாது. பொருளைக் கணிகையிடமும் சூதிலும் தோற்றவன். வங்கம் ஏறினான், கலம் உடைந்தது, நாகர் மலையில் ஒதுங்கினான். அவனைத் தின்ன வந்தோரிடம் அவர்கள் மொழியிலேயே பேசியதால் உயிர் பிழைத்தான். ஊரில் ஆதிரை தீப்புகுந்தும் வேகாது நின்றாள். இரு கதைகளிலும் கரையில் இருப்பவளின் நோன்பே எடைகூடியது. ஆயின் சாதுவனை மொழி காக்கிறது. தனபதியை அவன் சொல்லே சிக்கவைக்கிறது. வேற்றுநாட்டானிடம் பேசத் தெரிவதும் பெருமை பேசுவதும் ஒன்றல்ல என்பதை இவ்விரு வணிகரைப்போல் தெளிவாகக் காட்டுவோர் அரியர்.

சண்டிமங்கலத்தை வணிக வரலாற்றுச் சான்றாகக் கொள்வோருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. பண்டமாற்றுப் பட்டியலில் குரங்கத்துக்குத் துரங்கம், விடங்கத்துக்கு இலவங்கம் எனப் பண்டங்கள் இணைகின்றன. மானைக் கொடுத்துக் குதிரை வாங்கும் சந்தை எந்தத் தீவிலும் இருந்திராது. பண்டங்களைச் சேர்த்தது விலையன்று, எதுகை. கடல்வழியும் அவ்வாறே: இறால் மடு, நண்டு மடு, பாம்பு மடு என நீளும் அது மாலுமியின் வரைபடம் அன்று.

ஆனால் ஒரு சொல் மட்டும் பட்டறிவிலிருந்து வந்தது. பறங்கியர் பகுதியைக் கடக்கும்போது கலங்கள் 'ஹார்மாத்' அச்சத்தால் இரவும் பகலும் நில்லாமல் ஓடுகின்றன. அது போர்த்துகீசிய 'அர்மாதா'; வங்காளியின் நாவில் கப்பற்படை கடற்கொள்ளையனாயிற்று. முகுந்தராமின் காலத்தில் கடல் இவர்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு, ஏழு கலங்களின் பெயர்களைவிட இந்த ஒரு சொல்லே வலிய சான்று. மற்றொன்று, கலங்கள் மூழ்கும்போது எழும் கிழக்கு வங்க ஓடக்காரரின் ஒப்பாரி. உடைமை இழந்து அழும் அவர்களின் வட்டார உச்சரிப்பைக் கவிஞர் நகைச்சுவையாக்குகிறார். துடுப்பு வலித்தவர்களுக்குக் காவியத்தில் கிடைத்த இடம் அவ்வளவே.

தீவின் அழகைப் பாடும் பொறுப்பும் பயணியிடம் இல்லை. ஸ்ரீமந்தனை மணந்த சிங்கள இளவரசி சுசீலா, பன்னிரு மாதங்களுக்கும் தன் நாடு தரும் இன்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இங்கேயே இருந்துவிடும்படி கணவனை வேண்டுகிறாள். அவன் இசையவில்லை, அவளையும் கலத்தில் ஏற்றிக்கொண்டு வடக்கே திரும்புகிறான்.

அக்கலங்கள் திரும்பியதாகக் கருதத்தக்க ஆற்றில் இன்று மெட்ரோ ரயிலின் தூண்கள் நிற்கின்றன. டாலிகஞ்சிலிருந்து கரியா வரையிலான மேம்பாலப் பாதை 2009-இல் திறக்கப்பட்டபோது, ஆற்றுப்படுகையே அதற்கு நிலமாயிற்று. காளிகாட்டுக்கு அருகே கேவராதலா சுடுகாடு இன்னும் அதன் கரையில்தான் இருக்கிறது. ஈமக்கடன் செய்வோர் அந்த நீரை இன்றும் கங்கை என்றே அழைக்கின்றனர்.